சென்ற ஆண்டின் அதே மனிதர்: வேலை, வருமான ஆய்வில் குடும்பக் கணக்கெடுப்புகளை இணைத்தல்

ஒரு நாட்டில் சென்ற ஆண்டு உழைப்பாளர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வேலை இல்லை. இந்த ஆண்டும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இல்லை. இதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். சென்ற ஆண்டு வேலையில்லாமல் இருந்தவர்களே இன்றும் வேலையில்லாமல் இருக்கலாம். அல்லது அவர்கள் வேலைக்குப் போய்விட, வேறு ஐந்து பேர் வேலையை இழந்திருக்கலாம். முதல் நிலையில் நீண்டகால உதவியும் மறுபயிற்சியும் வேண்டும். இரண்டாவது நிலையில், வேலை மாறும் இடைக்காலத்தைத் தாங்கும் குறுகியகால உதவி போதும். வேலையின்மை விகிதம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்ட நேரான வழி, ஒரே மனிதர் இரண்டு காலங்களில் தந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். குடும்பக் கணக்கெடுப்புகளின் பதிவுகளை ஆண்டுகளுக்குக் குறுக்கே இணைக்கும் பணி இதற்காகவே வளர்ந்தது. அது மிக விரிவாகச் சோதிக்கப்பட்ட இடம் அமெரிக்கா. அந்த அனுபவத்தை முதலில் தொகுத்து, பிறகு இந்தியாவின் நிலையை இக்கட்டுரை பார்க்கிறது. வேறெந்த வழியிலும் தெரியவராத உண்மைகளை இணைப்பு காட்டித் தருகிறது. ஆனால் இணைப்பில் அகப்படாமல் நழுவியவர்கள், அகப்பட்டவர்களைப் போன்றவர்கள் அல்லர். அவர்களை மறந்துவிட்டு எடுக்கும் முடிவு ஏழைகளையும் இடம்பெயர்வோரையும் பற்றியதில்தான் முதலில் தவறும்.

நான்கு மாதம் உள்ளே, எட்டு மாதம் வெளியே

1930களின் பெருமந்தத்தின்போது அமெரிக்க அரசிடம் வேலையில்லாதோர் எத்தனை பேர் என்பதற்கு நம்பகமான மாதாந்தரக் கணக்கு இல்லை. அந்தக் குறையைப் போக்க 1940இல் தொடங்கிய மாதிரிக் கணக்கெடுப்பு, 1942இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் கைக்கு வந்தது. அதுவே பின்னாளில் நடப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சுருக்கமாக சி.பி.எஸ்., ஆனது. இன்று மாதம்தோறும் சுமார் 60,000 வீடுகள் அதன் மாதிரியில் இருக்கின்றன. அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் இதிலிருந்துதான் வருகிறது.

1953 ஜூலையில் இதற்கு ஒரு சுழற்சி முறை வகுத்தார்கள். தேர்வான வீட்டைத் தொடர்ந்து நான்கு மாதம் விசாரிப்பார்கள். பிறகு எட்டு மாதம் விட்டுவிட்டு, மீண்டும் நான்கு மாதம் விசாரிப்பார்கள். 2022 ஜனவரியில் முதலில் விசாரித்த வீட்டை ஏப்ரல் வரை பார்ப்பார்கள். அடுத்து 2023 ஜனவரி முதல் ஏப்ரல் வரை பார்ப்பார்கள். இதனால் அடுத்தடுத்த இரண்டு மாதங்களின் மாதிரியில் முக்கால் பங்கும், ஓராண்டு இடைவெளியில் பாதிப் பங்கும் ஒரே வீடுகளாக அமைகின்றன.

இந்த முறையை வகுத்தவர்களின் நோக்கம் தனிமனிதர்களைத் தொடர்வது அல்ல. இரு மாதங்களிலும் பெரும்பகுதி வீடுகள் ஒன்றாக இருந்தால், மாற்றத்தை மதிப்பிடுவதில் மாதிரிப் பிழை குறையும் என்பதே அவர்கள் கணக்கு. ஆனால் அந்த ஏற்பாடு ஆய்வாளர்களுக்கு ஒரு புதையலைத் திறந்துவிட்டது. ஒரே மாதத்தை ஓராண்டு இடைவெளியில் ஒப்பிடுவதால் பருவகால ஏற்ற இறக்கம் குறுக்கே வராது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தை ஒட்டி, முந்தைய ஆண்டின் முழு வருமானத்தையும் கேட்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு மார்ச் பதிவுகளை இணைத்தால் ஒரு குடும்பத்தின் இரண்டாண்டு வருமானம் கிடைக்கும். 1979 முதல் நான்காவது விசாரணையிலும் எட்டாவது விசாரணையிலும் ஊதியம் கேட்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடைவெளி சரியாக ஓராண்டு.

யார் அதே ஆள்?

பொதுப் பயன்பாட்டுக்கு வரும் பதிவுகளில் பெயரோ முகவரியோ இருக்காது. வீட்டுக்கு ஓர் எண், அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண், இவைதான் இருக்கும். இந்த எண்கள் இரண்டு ஆண்டுகளிலும் பொருந்தினால் அதே ஆள் என்று கொள்வது முதல் படி.

அது போதாது. சி.பி.எஸ். வீடுகளின் மாதிரி, குடும்பங்களின் மாதிரி அன்று. வாடகைக்கு இருந்த குடும்பம் காலி செய்துவிட்டுப் போனால் கணக்கெடுப்பாளர் அவர்களைத் தேடிப் போகமாட்டார். அதே வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம்தான் கேட்பார். எண்களைத் தவறாகப் பதிவதும் உண்டு. ஆகவே எண் பொருந்தினாலும் ஆள் வேறாக இருக்கலாம்.

இதற்குப் பொருளியலாளர்கள் பிரிஜிட் மேட்ரியனும் லார்ஸ் லெஃப்கிரனும் 1999இல் ஒரு தெளிவான முறையை எழுதி வைத்தார்கள். எண்களைப் பொருத்திய பிறகு பாலினம், இனம், வயது ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பாலினமும் இனமும் மாறக்கூடாது; வயது ஏறத்தாழ ஓராண்டு கூடியிருக்க வேண்டும். வயதில் எவ்வளவு விலக்கை ஏற்பது என்பதில்தான் சிக்கல். சி.பி.எஸ். விடைகளில் ஏறத்தாழ பாதியை அந்த ஆள் அல்லாமல் வீட்டில் உள்ள இன்னொருவர் சொல்கிறார். மாமனாரின் வயதை மருமகள் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம். விதியை இறுக்கினால் உண்மையான இணைப்புகள் கழிந்துபோகும். தளர்த்தினால் அடுத்துக் குடிவந்தவரும் பழையவராகப் பதிவாவார். எந்த எல்லையை வைத்தாலும் ஏதோ ஒரு வகைப் பிழை மிஞ்சும் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, இரண்டையும் எடைபோடக் கற்றுத் தந்ததே அந்தக் கட்டுரையின் பெருமை.

கணக்கெடுப்பே மாறுவதால் வரும் தடைகளும் உண்டு. மாதிரியைப் புதுப்பித்து அடையாள எண்களை மாற்றியதால் 1985க்கும் 1986க்கும் இடையிலும், 1995க்கும் 1996க்கும் இடையிலும் மார்ச் பதிவுகளை வழக்கமான முறையில் இணைக்க முடியாது. 1992இல் கல்வி பற்றிய கேள்வி, படித்த ஆண்டுகளிலிருந்து பெற்ற பட்டத்துக்கு மாறியது. 2003இல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க வழி வந்தது. அந்த எல்லைகளைத் தாண்டி இணைக்கும்போது பழைய சரிபார்ப்பு விதிகள் அப்படியே செல்லுபடியாகா.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் திட்டம் இந்தச் சுமையைப் பெருமளவு இறக்கிவைத்தது. ஜூலியா ரிவேரா ட்ரூ, சாரா ஃப்ளட், ஜான் ராபர்ட் வாரன் மூவரும் 2014இல் வெளியிட்ட முறையின்படி, பதினாறு மாதக் காலத்துக்குள் நடக்கும் எட்டு விசாரணைகளையும் கோக்கும் ஓர் எண் ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. முன்பு ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியே செய்துவந்த வேலை பொதுச் சொத்தானது. ஒருவர் கண்ட முடிவை இன்னொருவர் சரிபார்க்கவும் வழி பிறந்தது.

இணைப்பு காட்டித் தந்தவை

இணைத்த பதிவுகள் காட்டிய முதல் உண்மை, அமைதியாகத் தெரியும் விகிதத்துக்குக் கீழே நடக்கும் பெரும் போக்குவரத்து. வேலையிலிருந்து வேலையின்மைக்கும், வேலையின்மையிலிருந்து வேலைக்கும், உழைப்புச் சந்தைக்கு வெளியேயிருந்து உள்ளேயும் ஒவ்வொரு மாதமும் இலட்சக்கணக்கானோர் நகர்கிறார்கள். இரு திசை ஓட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் விகிதம் அசையாமல் நிற்கிறது.

1994இல் கேள்வித்தாளை மாற்றியபோது, சென்ற மாதம் சொன்ன முதலாளியிடமே இன்னும் வேலை செய்கிறீர்களா என்று நேராகக் கேட்கத் தொடங்கினார்கள். அதை வைத்து புரூஸ் ஃபாலிக்கும் சார்லஸ் ஃப்ளைஷ்மனும் ஒரு கணக்கைப் போட்டார்கள். வேலையில் இருப்போரில் சராசரியாக நூற்றுக்கு 2.6 பேர் ஒவ்வொரு மாதமும் இடைவெளியின்றி ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகிறார்கள். வேலையை இழந்து வேலையில்லாதோராக மாறுகிறவர்களைவிட இது மிக அதிகம். உழைப்பாளர் பெரும்பாலும் வேலையை இழந்துதான் வேலை மாறுகிறார் என்ற எண்ணத்தை இது திருத்தியது.

ஊதிய உயர்விலும் அப்படியே. சராசரி ஊதியம் ஏறியது என்றால் எல்லோருக்கும் ஏறியது என்று பொருள் இல்லை. மந்தகாலத்தில் குறைந்த கூலிக்காரர்கள் முதலில் வேலை இழந்தால், மிஞ்சியவர்களின் சராசரி தானாகவே உயரும். அமெரிக்க மைய வங்கி அமைப்பின் அட்லாண்டா வங்கி வெளியிடும் ஊதிய வளர்ச்சிக் குறியீடு இந்த மயக்கத்தைத் தவிர்க்கிறது. சி.பி.எஸ்.இல் ஓராண்டு இடைவெளியில் இணைத்த அதே ஆட்களின் ஊதியம் எவ்வளவு மாறியது என்று பார்த்து, அதன் இடைநிலை மதிப்பைத் தருகிறது.

நழுவியவர்கள் யார்?

இரண்டு மார்ச் மாதங்களை இணைக்கும்போது, இணைக்க வாய்ப்புள்ளவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர்தான் அகப்படுகிறார்கள். மற்றவர்களில் சிலர் விடைதர மறுத்தவர்கள், சிலர் இறந்தவர்கள். பெரும்பகுதியினர் வீடு மாறியவர்கள்.

வீடு மாறுகிறவர்கள் இளைஞர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், புதிதாக மணமானவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், புதிய வேலை கிடைத்தவர்கள், இருந்த வேலை போனவர்கள். யாருடைய வாழ்க்கை மாறியதோ அவர்தான் மாதிரியிலிருந்து விலகுகிறார். மாற்றத்தை அளக்க வந்த கருவி, மாறியவர்களையே தவறவிடுகிறது. நிலையாக இருந்தவர்கள் மிகுந்து நிற்பதால், வருமான ஏற்ற இறக்கமும் வேலை மாற்றமும் உண்மையைவிடக் குறைவாகத் தெரியக்கூடும். விடுபட்டோரின் வயது, கல்வி, வீட்டுரிமை ஆகியவற்றைப் பார்த்து, அவர்களைப் போன்ற எஞ்சியவர்களுக்குக் கூடுதல் எடை தருவது வழக்கமான மருந்து. கண்ணுக்குத் தெரிந்த பண்புகளுக்கு அது உதவும். வேலை போனதால் ஊரைவிட்டே போன ஒருவரை, அதே வயதும் படிப்பும் உடைய, ஊரிலேயே இருக்கும் இன்னொருவரால் முழுதாக ஈடுசெய்ய முடியாது.

சிறு பிழை பெரிதாகும் இடம்

ஒரு மாதக் கணக்கில் தவறுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். இணைத்த கணக்கில் அவை பெருகும். ஓராண்டாக வேலை தேடிவரும் ஒருவரை ஒரே ஒரு மாதம் உழைப்புச் சந்தைக்கு வெளியே இருப்பவர் என்று தவறாகக் குறித்தால், அந்த மாத விகிதம் அணுவளவே மாறும். இணைத்த பதிவிலோ அவர் ஒருமுறை வெளியேறி மறுமுறை நுழைந்ததாக இரண்டு பொய்யான நகர்வுகள் பதிவாகும்; நீண்ட வேலையின்மை இரண்டு குறுகிய துண்டுகளாக உடைந்துபோகும். ஜேம்ஸ் போடர்பாவும் லாரன்ஸ் சம்மர்ஸும் 1986இல் மறுவிசாரணைப் பதிவுகளைக் கொண்டு இதை அளந்தார்கள். வழக்கமான கணக்கு வேலையின்மையின் கால அளவை எண்பது விழுக்காடு வரை குறைத்துக் காட்டக்கூடும் என்பது அவர்கள் முடிவு. துயரம் குறுகியது என்று காட்டும் பிழை இது. ஆகவே கொள்கை வகுப்போர் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

ஊதியத்தில் வேறு ஒரு சிக்கல். அண்மைப் பத்தாண்டுகளில் சி.பி.எஸ்.இல் ஊதியம் பற்றிய விடைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விடைதராதவர்களுக்காக இட்டு நிரப்பியவை. வயது, கல்வி, தொழில் ஒத்த இன்னொருவரின் ஊதியத்தை எடுத்து வெற்றிடத்தில் வைக்கிறார்கள். சென்ற ஆண்டு தன் ஊதியத்தைச் சொன்னவர் இந்த ஆண்டு சொல்லாவிட்டால், அவருடைய ‘ஊதிய மாற்றம்’ என்பது இருவேறு மனிதர்களின் ஊதியங்களுக்கு இடையிலான வேறுபாடுதான். பேரி ஹிர்ஷும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவர்களும் காட்டியபடி, இட்டுநிரப்பும்போது தொழிற்சங்க உறுப்பினரா என்று பார்க்காததால், சங்க உறுப்பினருக்குக் கிடைக்கும் கூடுதல் ஊதியம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்தது. இணைத்த ஆய்வில் இத்தகைய பதிவுகளை ஒதுக்குவதே சரி.

எத்தனையாவது முறையாகக் கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றுகிறது. முதல் மாத விசாரணையில் வேலையின்மை அதிகமாகவும், பிந்தைய மாதங்களில் குறைவாகவும் பதிவாகிறது. இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததே. 1994க்குப் பிறகு இந்த இடைவெளி கூடியதை ஆலன் குரூகர், அலெக்ஸாண்டர் மாஸ், சியாவோட்டாங் நியூ ஆகியோர் காட்டினர். ஒரே ஆளின் முதல் விடையையும் எட்டாவது விடையையும் ஒப்பிடும்போது, மாறியது அவர் நிலையா, விடை சொல்லும் மனநிலையா என்று கேட்டாக வேண்டும்.

மனிதரைத் தொடரும் வழி

வீட்டைத் தொடராமல் மனிதரைத் தொடரும் வழியை மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கியது. வருமான இயக்கவியல் தொடராய்வு எனலாம், சுருக்கமாக பி.எஸ்.ஐ.டி. சுமார் 5,000 குடும்பங்களில் ஆரம்பித்து, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனபோது அவர்களையும் பின்தொடர்ந்தது. 1997 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது.

வறுமையைப் பற்றிய விவாதத்தையே இது திருப்பியது. மேரி ஜோ பேனும் டேவிட் எல்வுட்டும் 1986இல் எழுதிய ஆய்வில், எப்போதாவது வறுமையில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் மீண்டுவிடுகிறார்கள்; ஆனால் குறிப்பிட்ட ஒருநாளில் ஏழையாக இருப்போரில் பெரும்பாலோர் நீண்ட வறுமையின் நடுவில் இருப்பவர்கள் என்று கண்டனர். இரண்டும் எப்படி உண்மையாகும் என்பதற்கு அவர்கள் மருத்துவமனையை எடுத்துக்காட்டினார்கள். ஆண்டு முழுதும் வந்துபோகும் நோயாளிகளில் பெரும்பாலோர் சில நாளில் வீடு திரும்புகிறவர்கள். ஆனால் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் கட்டில்களில் பெரும்பகுதி நெடுநாள் நோயாளிகளிடமே இருக்கும்.

கேரி சோலன் 1992இல் இன்னொரு திரையை விலக்கினார். தந்தை வருமானத்துக்கும் மகன் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு 0.2 அளவுதான் என்று பழைய ஆய்வுகள் சொல்லி, அமெரிக்கா எல்லோரும் முன்னேறக்கூடிய நாடு என்ற எண்ணத்தை வலுப்படுத்தியிருந்தன. அவை தந்தையின் ஓராண்டு வருமானத்தையே நம்பின. பி.எஸ்.ஐ.டி.யில் பல ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கிப் பார்த்த சோலன், அந்தத் தொடர்பு 0.4 அல்லது அதற்கும் மேல் என்று காட்டினார். பிறந்த வீடு ஒருவரின் வருமானத்தை நினைத்ததைவிட இருமடங்கு தீர்மானித்தது.

இந்த வழிக்கும் விலை உண்டு. 1989க்குள் தொடக்க மாதிரியில் ஏறத்தாழ பாதிப்பேர் உதிர்ந்துவிட்டார்கள். ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட், பீட்டர் காட்ஷாக், ராபர்ட் மாஃபிட் மூவரும் 1998இல் சோதித்தபோது, உதிர்ந்தவர்கள் குறைந்த வருமானமும் நிலையற்ற வருமானமும் உடையவர்கள் என்று தெரிந்தது. ஆயினும் மாதிரி பெரிதும் சிதையவில்லை என்றே கண்டார்கள். உதிர்வின் அளவைவிட, உதிர்ந்தவர் யார் என்பதைச் சோதித்துச் சொல்வதே முக்கியம் என்பதற்கு இது சான்று.

அரசுப் பதிவேடுகளோடு இணைப்பது மூன்றாவது வழி. புரூஸ் மேயரும் நிக்கோலஸ் மிட்டாகும் நியூயார்க்கில் சி.பி.எஸ். குடும்பங்களை உதவித்திட்டப் பதிவேடுகளோடு இணைத்தார்கள். உதவி பெற்ற பலர் கணக்கெடுப்பில் அதைச் சொல்லவில்லை. பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, திட்டங்கள் எல்லாம் சேர்ந்து வறுமையைக் குறைக்கும் அளவு ஏறத்தாழ இருமடங்காகவும், வீட்டுவசதி உதவியின் பங்கு மும்மடங்காகவும் தெரிந்தது. ஒரு நல்ல திட்டம் பயனற்றது என்று தீர்ப்பு எழுத, விடையில் விடுபட்ட ஒரு வரி போதும் என்பதை இது உணர்த்துகிறது. ஆனால் இந்த இணைப்புக்குப் பெயரும் அடையாள எண்ணும் வேண்டும். ஆகவே இதைப் பாதுகாப்பான அரசு ஆய்வகங்களுக்கு வெளியே செய்யலாகாது.

இந்தியாவில்

திரும்பிப் போய்ப் பார்க்கும் மரபு இங்கும் பழையது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு ஆய்ந்த தமிழகக் கிராமங்களை 1930களிலும் பிறகும் மறுபடி ஆய்ந்தார்கள். அவற்றில் இருவேல்பட்டு 2008 வரை தொடரப்பட்டது. அங்கே தொடர்ந்தது கிராமம். தனிக் குடும்பங்களை ஆண்டுதோறும் விடாமல் தொடர்ந்தது, இக்ரிசாட் நிறுவனம் 1975இல் ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் தொடங்கிய கிராம ஆய்வு. ஊருக்கு 40 குடும்பங்கள்தான். ஆனால் அந்தச் சிறு மாதிரியிலிருந்து மார்க் ரோசென்ஸ்வைக்கும் ஓடெட் ஸ்டார்க்கும், மழை பொய்க்கும் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியாகவும் பெண்களைத் தொலைவூரில் மணமுடித்துத் தருகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நாடு தழுவிய அளவில் இந்திய மனித வளர்ச்சி ஆய்வு 2004-05இல் 41,554 குடும்பங்களைப் பார்த்து, 2011-12இல் அவற்றில் 83 விழுக்காட்டை மீண்டும் சந்தித்தது. அதை வைத்து அமித் தோரட், சோனால்டே தேசாய் உள்ளிட்டோர், தலித்துகளும் பழங்குடியினரும் வறுமையிலிருந்து மீள்வதும் கடினம், வறுமையில் விழுவதும் எளிது என்று காட்டினார்கள். வறுமை விகிதம் குறைந்தது என்ற ஒற்றை எண்ணில் இது தெரியாது.

கொரோனா ஆண்டில் இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் (சி.எம்.ஐ.இ.) தொடர் பதிவுகளை இணைத்து அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வெளியிட்ட கணக்கு நெஞ்சை உலுக்கும். வேலையில் இருந்த ஆண்களில் 61 விழுக்காட்டினர் வேலையில் நீடித்தார்கள். பெண்களில் 19 விழுக்காட்டினர் மட்டுமே. வேலையிழந்து 2020 முடியும்வரை திரும்பாதவர்கள் ஆண்களில் 7 விழுக்காடு, பெண்களில் 47 விழுக்காடு. அதே சமயம், அந்த மாதிரியில் மிக ஏழ்மையான குடும்பங்கள் போதிய அளவில் இல்லை என்று ஜீன் டிரெஸும் அன்மோல் சோமன்சியும் எழுப்பிய கேள்வியையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். உண்மை இதைவிடக் கொடியதாக இருந்திருக்கக்கூடும்.

அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017 ஏப்ரலில் தொடங்கியது. அதுவரை தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் புதிய குடும்பங்களையே பார்த்துவந்தது. புதிய கணக்கெடுப்பு நகரக் குடும்பங்களை அடுத்தடுத்த நான்கு காலாண்டுகள் சந்தித்தது. கிராமக் குடும்பங்களை ஒரே ஒரு முறைதான். 2025 ஜனவரி முதல் கிராமம், நகரம் இரண்டிலும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடர்ந்து நான்கு மாதம் சந்திக்கிறார்கள். கிராமத்து உழைப்பாளரின் மாதாந்தர நகர்வு முதன்முறையாகத் தெரியவரும். இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் நான்கு மாதத்தோடு அந்தக் குடும்பம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. விதைப்பு மாதத்தில் பார்த்தவரை அடுத்த விதைப்பு மாதத்தில் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டுக்கு இந்த ஆண்டு ஒரு கூலிக்காரரின் வருமானம் ஏறியதா இறங்கியதா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கெடுப்பால் விடைசொல்ல முடியாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களின் வீடு மறுவிசாரணையின்போது பூட்டிக் கிடக்கும். இணைப்பிலிருந்து முதலில் உதிர்வது அவர்கள்தான்.

செய்ய வேண்டியவை

இதுவரை தொகுத்தவற்றிலிருந்து நான்கு கோரிக்கைகள் எழுகின்றன. நான்கு மாதம் சந்தித்த குடும்பங்களில் ஒரு பகுதியையாவது ஓராண்டு கழித்து அதே மாதங்களில் மீண்டும் சந்திக்க வேண்டும். பெயரும் முகவரியும் வெளிவராதபடி, ஒரே ஆளை எல்லாச் சந்திப்புகளிலும் அடையாளம் காட்டும் எண்ணை அரசே சரிபார்த்து வெளியிட வேண்டும். பூட்டிய வீடு, குடிபெயர்ந்த குடும்பம், விடைதர மறுத்தவர் என்று ஒவ்வோர் இழப்புக்கும் காரணம் பதிவாக வேண்டும். இணைத்த பதிவுகளைக் கொண்டு எழுதும் ஆய்வாளர்கள், எத்தனை பேரை இணைத்தார்கள், விட்டவர்கள் யார் என்பதைக் கட்டுரையின் முதல் அட்டவணையிலேயே தர வேண்டும்.

அமெரிக்கா மாதிரிப் பிழையைக் குறைக்க 1953இல் செய்த ஏற்பாடு, தன் உழைப்பாளரின் வாழ்க்கை ஆண்டுக்காண்டு எப்படி நகர்கிறது என்பதை அந்நாட்டுக்குக் காட்டித் தந்தது. இந்தியா இப்போதுதான் தன் கணக்கெடுப்பைப் புதிதாக அமைத்திருக்கிறது. ஓராண்டு கழித்து அதே வீட்டுக் கதவைத் தட்டும் ஏற்பாட்டை அதில் சேர்க்க இதுவே தக்க நேரம்.